செம்மஞ்சள் பக்கவிளக்கு

கார் தேறவில்லை என்று அந்தப் பரிசோதகன் நோர்வேஜிய மொழியில் சொன்னபோது, சோபிகாவுக்கு முதலில் விளங்கவில்லை.

பிரேக் நல்லது. டயர் புதிது. அடிப்பக்கத்தில் துரு இல்லை என்று இவனே இப்போதுதான் சொன்னான். பிறகு என்ன...?

அவன் ஈரக் கையுறையைக் கழற்றிவிட்டு, முன்சில்லுக்குச் சற்றுப் பின்னால் இருந்த சின்னச் சிக்னல் விளக்கைக் காட்டினான். அது வெள்ளையாக மின்னுகிறதாம். செம்மஞ்சளாக மின்ன வேண்டுமாம். மாற்றிவிட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டுமாம்.

அந்த விளக்குத்தானா...

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை செய்யவேண்டிய ஈயூ கொன்றோல் என்ற வாகனப் பரிசோதனைக்கு வந்திருந்தாள். கார் கறுப்பு. பழையதுதான், ஆனாலும் அவள் உழைத்து வாங்கியது. அதன் இரண்டு பக்கமும் செம்மஞ்சள் நிறத்தில் ஒவ்வொரு துண்டு, கறுப்புச் சேலையில் கறி கொட்டுப்பட்டது மாதிரி. ஒவ்வொரு காலையும் அது கண்ணில் குத்தும். மூன்று கிழமைக்கு முன் இணையத்தில் வெள்ளைக் கண்ணாடி விளக்கு வாங்கி, நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் இரண்டு மணி நேரம் குந்தியிருந்து, வீடியோ பார்த்துப் பார்த்துத் தானே மாற்றினாள். மாற்றிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால்... அவ்வளவு துப்புரவாக இருந்தது கார்.

மூன்று வருடத் திருமண வாழ்க்கையில் யன்னல் சீலையில் இருந்து தேத்தண்ணிக் கோப்பை வரை அவள் தெரிவுசெய்தது ஒன்றுகூட அந்த வீட்டில் இருந்ததில்லை. விவாகரத்துக்குப் பிறகு முதன்முதல் தன் கையால் தன் விருப்பத்துக்கு மாற்றியது இந்த விளக்கைத்தான். சொன்னால் சிரிப்பார்கள். அதனால் ஒருவரிடமும் சொல்லவில்லை.

கைபேசி அடித்தது. கூட வேலை செய்யும் மயூரா. சோபிகா கதவோரம் ஒதுங்கினாள். வெளியே நவம்பர் மாலை நாலு மணிக்கே இருண்டு, மழையும் பனியுமாகக் கலந்து கொட்டிக்கொண்டிருந்தது.

“பாஸ் இல்லையாம், மயூரா... ஓம், ஒரு சின்ன லைற்றுக்கு. அந்த ஆளின்ர முகத்தை நீ பாக்கவேணும். செத்தவீட்டுக்கு வந்த ஆள் மாதிரி. சிரிச்சா பல்லுக் கொட்டுண்டு போமெண்ட பயமோ தெரியாது.”

“கொட்டுண்டு போகாது,” என்றது பின்னால் ஒரு குரல். தமிழில்.

சோபிகா திரும்பினாள். கையில் பரிசோதனைத் தாளோடு அவன் நின்றான். சட்டையில் ‘எலியாஸ்’ என்று பெயர். வேறு எந்த நாட்டவனோ என்றல்லவா நினைத்திருந்தாள்...

“செத்தவீட்டு முகமெண்டு கனபேர் சொல்லியிருக்கினம்,” என்றான். “பல்லைப் பற்றி இப்பதான் முதல் தரம் கேக்கிறன்.”

காது மடல் வரை சூடேறியது அவளுக்கு. அப்போதுதான் அவனுடைய கண்களைப் பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை. ஆனால் அந்தக் கண்கள்... மழைக்கு ஒதுங்கிய இரண்டு பேரைப் போல, வெளியே வரலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டு நின்றன.

“தமிழெண்டு முதலே சொல்லியிருக்கலாம்தானே?”

“சொன்னா லைற் செம்மஞ்சளா மாறியிருக்குமோ?”

“இந்தச் சின்ன லைற்றால ஆருக்கு என்ன குறைஞ்சு போகுது? மின்னினாச் சரிதானே.”

வெளியே வர நினைத்த கண்கள் உள்ளே போய்விட்டன. “குறையும்,” என்று மட்டும் சொன்னான். “தை மாசத்துக்கு முந்தி மாத்திக்கொண்டு வாங்கோ.”

தாளை வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லாமல் வந்துவிட்டாள்.

பத்து நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை. ஸ்ட்ரோம்மனில் கார்ச் சாமான் விற்கும் கடையில், சுவர் நிறையத் தொங்கிய பல்ப் பெட்டிகளின் முன்னால் சோபிகா நின்றாள். பழைய செம்மஞ்சள் விளக்குகளை மாற்றிய அன்றைக்கே குப்பையில் போட்டிருந்தாள். இனித் திரும்பவும் அந்தக் கறையையா வாங்கிப் பூட்டுவது...

“அது வேண்டாம். அதுவும் பாஸ் ஆகாது.”

அதே குரல். எலியாஸ் கண்ணாடி துடைக்கும் தண்ணீர்க் கானோடு நின்றான். வேலைச் சட்டை இல்லாமல், கழுத்தில் சாம்பல் நிறச் சால்வையோடு பார்க்க வேறு ஆள் போல் இருந்தான்.

“சனிக்கிழமையிலயும் ஆக்களைப் பெயில் பண்ணுவீங்களோ?”

“கடையில நிண்டு பெயில் பண்ணினாத்தானே கொன்றோலுக்கு வரேக்க பாஸ் பண்ணலாம்.” ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்தான். “கண்ணாடி வெள்ளையா இருக்கலாம். அது பிழையில்லை. ஆனா இந்த வட்டத்துக்குள்ள ஐரோப்பிய அனுமதி ‘ஈ’ முத்திரை இருக்கவேணும். நீங்கள் பூட்டினதில இல்லை. பல்ப் இதை எடுங்கோ. அணைஞ்சு கிடக்கேக்க வெள்ளி நிறம். மின்னேக்க மட்டும் செம்மஞ்சள்.”

“அப்ப கார் வடிவா இருக்குமோ?”

“வடிவா இருக்கு... இருக்கும்,” என்றான், அவளைப் பார்த்தபடி. பிறகு சட்டென்று பல்ப் பெட்டிகளின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கார் தரிப்பிடத்தில் மழை தூறியது. மூன்றரைக்கே விளக்குக் கம்பங்கள் எரிந்தன.

“நானே பூட்டுவன்,” என்றாள்.

“பூட்டுங்கோ. நான் குடை பிடிக்கிறன்.”

அவள் குந்தியிருந்து, விளக்கின் ஓரத்தில் நகத்தைச் செருகி இழுத்தாள். அசையவில்லை.

“முன்பக்கம் தள்ளிப்போட்டு இழுக்கவேணும். பொறுங்கோ... இந்தக் குளிருக்குப் பிளாஸ்டிக் உடைஞ்சுபோகும். கொஞ்ச நேரம் கையால பொத்திப் பிடியுங்கோ.”

பொத்திப் பிடித்தாள். உள்ளங்கையில் குளிர் ஏறியது. தலைக்கு மேல் குடையில் மழை தட்டிக்கொண்டே இருந்தது. தன்மேல் ஒரு துளிகூட விழவில்லையே என்று நிமிர்ந்தாள்... குடை முழுவதும் அவள் பக்கம். அவனுடைய தோளும் ஒரு பக்கத்து முடியும் நனைந்து வழிந்தன.

இரண்டு பக்கமும் பூட்டி முடித்தாள். சிக்னலைப் போட்டபோது ஈரத் தரையிலும் அவன் முகத்திலும் செம்மஞ்சள் வெளிச்சம் வந்து வந்து போனது. அணைத்தபோது கறுப்புக் கார் எந்தக் கறையும் இல்லாமல் நின்றது.

“ஒண்டு கேக்கட்டோ... அண்டைக்கு ஆருக்கு என்ன குறையுமெண்டு நான் கேக்க, உங்கட முகம் மாறிப்போச்சு.”

அவன் குடையை மறு கைக்கு மாற்றினான்.

“அம்மா,” என்றான். “ஏழு வரியத்துக்கு முந்தி. ட்வெய்ட்டாவில கிளீனிங் வேலைக்குச் சைக்கிளில போனவ. இதே மாதிரி நேரம், இதே மாதிரி மழை. பக்கத்தில வந்த கார் வலப்பக்கம் திரும்பினது. முன்னாலயும் பின்னாலயும் சிக்னல் மின்னினதுதான். ஆனா அம்மா காருக்குப் பக்கவாட்டில எல்லோ வந்தவ... அந்தப் பக்க லைற்றில கறுப்புத்தாள் ஒட்டியிருந்தது. வடிவுக்கு.”

சோபிகாவின் கை தானாக வாயைப் பொத்தியது.

“உயிர் தப்பிட்டா. ஒரு கையும் காலும் வழங்காது. கதை ஒவ்வொரு சொல்லா வரும். நான் ஸ்தவாங்கரில படிச்சுக்கொண்டிருந்தனான், விட்டிட்டு வந்திட்டன். கார் ஓடினது ஒரு சின்னப் பெடியன். ஆஸ்பத்திரிக்கு வந்து அழுதவன். அவனில கோவிக்கவும் ஏலாமப் போச்சு.”

“எனக்குத் தெரியாது... மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

அவன் தன் துக்கத்தைச் சொன்னதாலோ என்னவோ, அவளும் சொன்னாள். மூன்று வருடத்தை மூன்று வசனத்தில் சொன்னாள். கேட்டுவிட்டு அவன், “நல்லது,” என்றான்.

“என்ன நல்லது?”

“நீங்கள் வெளியில வந்தது.”

ஒஸ்லோவில் இத்தனை தமிழர் வீட்டில் ஒருவர்கூட அவளுக்கு அதைச் சொன்னதில்லை. வீடு வந்து, காரை நிறுத்திவிட்டு, இறங்காமல் கொஞ்ச நேரம் அழுதாள்.

அதன் பிறகு குறுஞ்செய்திகள். ட்வெய்ட்டாவில் இரண்டு தரம் கோப்பி. “நீங்கள்” எப்போது நெருக்கமான “நீர்” ஆனது என்று இருவருக்கும் தெரியாது. முதியோர் இல்லத்தில் தாதி வேலை முடிந்து களைத்து வரும்போது, அவனுடைய ஒரு வரி அவளுக்குப் போதுமாக இருந்தது... “சாப்பிட்டீரோ?”

ஒரு செவ்வாய்க்கிழமை அது நின்றது.

அவள் அனுப்பிய செய்திக்குப் பதில் இல்லை. மறுநாளும் இல்லை. மறுபரிசோதனைக்குக் காரைக் கொண்டுபோனாள். வேறொருவர் பார்த்து, சிக்னலைப் போட்டு, தலையாட்டி, தாளில் ஒப்பமிட்டார். கண்ணாடி அறைக்குள் எலியாஸ் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். கையில் ஒரு வேலையும் இல்லாமல்... சுவரைப் பார்த்துக்கொண்டு.

அவளுக்கு விளங்கியது. அல்லது விளங்கியது என்று நினைத்தாள். விவாகரத்தானவள். யோசித்திருப்பான். யாரும் யோசிப்பார்கள்தானே. போய்க் கேட்க அவளுடைய மானம் விடவில்லை. கார் தேறிவிட்டது. அவள் வெளியே வந்தாள்.

இரண்டு கிழமை, சூரியன் வந்ததா இல்லையா என்றே தெரியாமல் போயிற்று. அம்மா ஸ்தவாங்கரில் அக்காவின் பிள்ளைப்பேற்றுக்குப் போயிருந்தா. வீட்டில் அவளும் அப்பா சிறீஸ்கந்தராசாவும்தான். அவள் தட்டில் புட்டை அளைந்துகொண்டிருப்பதை அவர் பல நாளாகப் பார்த்தார். ஒரு சனிக்கிழமை மத்தியானம், கை கழுவாமலே இருந்து சொன்னார்.

“கொன்றோல் செய்யிற அந்தப் பெடியன்... நான்தான் என்ர காரைக் கொன்றோலுக்குக் கொண்டுபோய்க் கதைச்சனான், பிள்ளை.”

சோபிகா நிமிர்ந்தாள். “என்ன கதைச்சனீங்கள்?”

“உங்கள் ரெண்டு பேரையும் ட்வெய்ட்டாவில கண்டனான். விசாரிச்சன். தாய் ஏலாத மனிசியெண்டு சொல்லிச்சினம்.” அவர் தட்டைப் பார்த்தபடி சொன்னார். “தாயைப் பாக்க நேர்ஸ் தேவையெண்டால் கொமூன நகரசபையைக் கேளும் தம்பி, என்ர பிள்ளையைத் தேடாதையும் எண்டு சொல்லிப்போட்டன்.”

சோபிகா தட்டைத் தள்ளி வைத்தாள்.

“அவர் என்ன சொன்னவர்?”

“ஒண்டும் சொல்லேல்லை. ‘ஓம் ஐயா’ எண்டான். என்ர காரை வடிவாப் பாத்துப் பாஸ் பண்ணி விட்டான்.” அவர் குரல் தளர்ந்தது. “முந்தின கலியாணம் நான் பாத்துச் செய்தது. நீ அங்கை பட்டது முழுக்க என்னாலதான். இன்னொருக்கா உன்னை ஆரும் ஒரு தேவைக்காகக் கூட்டிக்கொண்டு போயிடுவினமோ எண்டு பயந்திட்டன்.”

அவளால் அவரைக் கோபிக்க முடியவில்லை. கோபித்திருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

“பயந்தது சரியப்பா. ஆனா என்னை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்.”

“ஓம்,” என்றார் அவர். “கேட்டிருக்கலாம்.”

மறுநாள் ஞாயிறு, தேவாலயத்துப் பூசை முடிந்து அவனும் தாயும் வீடு வந்திருப்பார்கள் என்று கணக்கிட்டு, அவன் ஒருமுறை சொன்ன முகவரிக்குப் போனாள். மணி அடித்து நெடுநேரம் கழித்துத்தான் கதவு திறந்தது. ஊன்றுகோலோடு அவனுடைய தாய் மேரியம்மா நின்றா.

“சோபிகா,” என்றா அவ. கேள்வியாக இல்லை. “உள்ளுக்க... வா.”

எலியாஸ் கீழே உடுப்புத் தோய்க்கும் அறைக்குப் போயிருந்தான். மேரியம்மா ஒரு கையால் தேத்தண்ணி வைத்தா. கேத்தலை மெல்லச் சரித்து, கோப்பையை மேசை விளிம்போடு அணைத்து, சீனிப் போத்தலை நெஞ்சோடு சேர்த்துத் திறந்து... பத்து நிமிடம். சோபிகாவின் கைகள் உதவத் துடித்தன. தாதியின் கைகள். ஆனால் இந்த வீட்டில், இன்றைக்கு, அவள் தாதி இல்லை. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு விருந்தாளியாக இருந்தாள். தேத்தண்ணி வந்தது. நல்ல சாயம்.

கதவு திறந்தது. உடுப்புக் கூடையோடு எலியாஸ் அப்படியே நின்றுவிட்டான்.

“அப்பா சொல்லிப்போட்டார்,” என்றாள் அவள்.

அவன் கூடையை இறக்கி வைத்தான். “அவர் சொன்னது பிழையில்லை, சோபிகா. எல்லாரும் அதைத்தான் சொல்லுவினம்.”

மேரியம்மா ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தா. அறை வாசலில் நின்று மகனைத் திரும்பிப் பார்த்தா.

“எனக்கு... நேர்ஸ் இருக்கு. காலமையும்... வருவினம். பின்னேரமும்... வருவினம்.” மூச்சு எடுத்தா. “உனக்குத்தான்... ஒருத்தரும் இல்லை.”

அறைக் கதவு சாத்தியது.

யன்னலில் மழை வழிந்தது. அவன் அவளைப் பார்க்காமல் பேசினான். “நீர் இஞ்சை வந்து ஒருநாள் அம்மாவின்ர கையைப் பிடிச்சாலும், அதுக்காகத்தான் கூட்டி வந்தவனெண்டு சனம் சொல்லும். அதை விடுவம். ஒருநாள் நீரே அப்பிடி நினைச்சா... அதை என்னால தாங்க ஏலாது.”

“சனம் சொன்னதைக் கேட்டுத்தான் மூண்டு வரியம் அந்த வீட்டில இருந்தனான். இனிக் கேக்கமாட்டன்.” அவள் எழுந்து அவன் முன்னால் வந்து நின்றாள். “நான் டிவோஸ் எண்டுதான் நீர் விட்டிட்டீரெண்டு நினைச்சன். ரெண்டு கிழமையா அதை நினைச்சு நினைச்சுச் செத்தனான். ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம் நீர்.”

அவன் முகம் வெளிறியது. “ஐயோ... அப்பிடி நினைச்சீரோ?”

“வேற என்னத்தை நினைக்க?”

“கறுப்புக் கார் ஒண்டு உள்ளுக்க வந்தாப் போதும், ஆர் ஓடிக்கொண்டு வருகினமெண்டுதான் முதல் பாக்கிறன். உம்மட கார் வந்த அண்டைக்குத் திரும்பிப் பாத்தா அழுதிடுவனெண்டுதான் சுவரைப் பாத்துக்கொண்டு நிண்டனான்.” அவன் நிறுத்தினான். கண்கள் இந்தமுறை உள்ளே போகவில்லை. நனைந்தபடி அவளையே பார்த்தன. “எனக்கு உம்மை விருப்பம், சோபிகா. அம்மாவுக்காக இல்லை. இந்த வீட்டுக்காக இல்லை. எனக்கு... எனக்கு மட்டும்.”

வாழ்க்கையில் யாரும் இப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை.

“இன்னொருக்காச் சொல்லும்,” என்றாள்.

சொன்னான். இந்தத் தடவை அவன் குரல் நடுங்கவில்லை. அவள் கையை நீட்டினாள்... அதை அவன் பிடித்துக்கொண்டான்.