தண்ணீர் வராத வீடு

தெரு முழுக்கச் சேறு. தங்கை வீட்டு வாசற்படி மட்டும் காய்ந்திருந்தது.

அதைப் பார்த்ததும் அக்காவுக்கு முதலில் நிம்மதிதான் வந்தது. புயல் அடித்து மூன்று நாளாகத் தங்கை போனை எடுக்கவில்லை. காலையில் பல் தேய்த்துக்கொண்டே கணவன், "எத்தனை தடவதான் அந்த நம்பரையே அமுக்குவ? கெளம்பு, நேர்லயே போய் உன் தங்கச்சிய எழுப்பிடலாம்" என்றான். மாற்றுத்துணிகூட எடுக்காமல், ஐந்து வயது மகளை அள்ளிக் காரில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். வழியெல்லாம் அக்கா நினைத்துக்கொண்டே வந்தது ஒன்றுதான். புயலன்று தங்கை கடைசியாகப் பேசியபோது, தெருவில் தண்ணீர் ஏறுவதாகச் சொல்லி, எதிர்வீட்டு மாடிக்குப் போகட்டுமா என்று கேட்டாள். "இந்தக் காத்துல வெளிய போகாத. கதவப் பூட்டிக்கிட்டு உள்ளயே இரு" என்று சொன்னது இவள்தான்.

தெருமுனையில் கார் சேற்றில் மாட்டிக்கொண்டது. "நீங்க முன்னால போங்க. நான் இதோட மல்லுக்கட்டிட்டு வர்றேன்" என்று கணவன் அங்கேயே நின்றுவிட்டான்.

தட்டக் கை ஓங்குவதற்குள் கதவு திறந்தது. கழுத்தில் தையல் நாடாவோடு தங்கை நின்றாள். வீட்டிலேயே தைத்துப் பிழைக்கிறவள். நாடா இல்லாமல் அவளைப் பார்ப்பதே அபூர்வம்.

"வாக்கா. வாடி பட்டு!"

"போன எடுத்தா என்னடி? எனக்கு உயிரே போயிடுச்சு."

"உனக்கா?" தங்கை சிரித்தாள்.

"தண்ணி உள்ள வந்துச்சா?"

"ஒரு சொட்டு வரலக்கா. நீ சொன்ன மாதிரி உள்ளயே இருந்தேன்."

அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. தங்கையின் கையைப் பிடித்தாள். நாளெல்லாம் துணி துவைத்த கையைப்போல விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

"பட்டுவுக்கு ஒரு கவுன் தைக்கணும். அளவெடுக்கறேன், நீ உக்காருக்கா." குழந்தையைக் கூட்டிக்கொண்டு தையல் அறைக்குள் போனாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

அக்கா நாற்காலியில் சாய்ந்தாள். வீடு அமைதியாக இருந்தது. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் முகத்தில் வந்து படுமே, அந்தக் குளிர்ந்த வாசனை எங்கிருந்தோ வந்து மூக்கை நிறைத்தது. தரையைப் பார்த்தாள், தூசியும் இல்லை, ஈரமும் இல்லை. அளவு சொல்லும் குரல் மட்டும் உள்ளிருந்து கேட்டது.

"தோள் பத்து. மார்பு இருபத்திரண்டு."

கண்ணை மூடப்போனவள் மேலே பார்த்தாள். மின்விசிறியின் இறக்கையில் ஒரு செருப்பு தொங்கியது. தங்கையின் செருப்பு.

"மூக்கு வரைக்கும் முப்பத்தெட்டு."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "கவுனுக்கு எதுக்குடி மூக்கு அளவு?"

அறைக் கதவின் பக்கம் திரும்பினாள்.

சுவரில் ஒரு சேற்றுக்கோடு. நூல் பிடித்துப் போட்டதுபோல நேராக, நாலு சுவரையும் சுற்றி. அவள் தலைக்கு மேலே. கதவு நிலைக்கும் மேலே. உத்தரத்துக்கு ஒரு சாண் கீழே.

"கையத் தூக்குடா. இன்னும் மேல. எக்கி நில்லு."

"சித்தி, வலிக்குது."

"ஐம்பத்திரண்டு. பத்தாதேடா கண்ணு. சித்திக்கே பத்தல."

எழுந்தாள். "பட்டு! வெளிய வா!"

ஓடிப்போய்க் கதவில் கை வைத்தாள்.

தள்ளினாள். கதவு நகரவில்லை. மறுபக்கம் ஏதோ கனமாக அழுத்தியது. தோளைக் கொடுத்துத் தள்ளினாள். ஒரு முகம் நுழையும் அளவுக்கு இடைவெளி.

அறை காய்ந்திருந்தது. தையல் மிஷின் மேல் மடித்த துணி அப்படியே இருந்தது. தங்கை இரண்டு கையையும் மேலே நீட்டி, முகத்தை உத்தரத்துக்குத் தூக்கியிருந்தாள். அவள் பாதம் தரையில் இல்லை. பக்கத்தில் பட்டு. பாவாடை குடையாக விரிந்திருந்தது. தலைமயிர் மொத்தமும் மேலே எழுந்து, மெல்ல, இப்படியும் அப்படியும் அசைந்தது.

அம்மாவைப் பார்த்ததும் பட்டு வாயைத் திறந்தாள்.

குரல் வரவில்லை. ஒரு குமிழி வந்தது. காய்ந்த காற்றில் அது நிதானமாக மேலே ஏறிக்கொண்டிருந்தது.