நானூற்றுப் பன்னிரண்டாவது வரி

நேற்றுவரை நானூற்றுப் பதினொரு வரிகள் இருந்த கோப்பில் இன்று ஒரு வரி கூடியிருந்தது. அதை நின்று பார்க்கத் தஸ்னீமுக்குப் பொறுமை இல்லை. ஆயுள் காப்பீட்டுக் கோப்புகளைப் படிக்கிற அந்த லைப்ரரி நிரலை எழுதிய புண்ணியவான், அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முன்னால் வைத்துத் தொலைத்திருந்தான். தேதி பன்னிரண்டைத் தாண்டினால் மட்டும் அது தானே சுதாரித்துக்கொள்ளும், மற்றதையெல்லாம் வாய் திறக்காமல் தலைகீழாகப் படிக்கும். மூன்று நாளாக அதோடு மாரடிக்கிறாள். ஆறு மணிக்குள் அனுப்பியாக வேண்டும்.

அண்ணாமலை நகர் வாடகை வீட்டில் மதியமே கரண்ட் போய், ஃபேன் நின்று, யுபிஎஸ் மட்டும் விட்டுவிட்டுக் கத்திக்கொண்டிருந்தது. பக்கத்து அறையில் மாமியார் அமீருன்னிசா தஸ்பீஹ் மணி உருட்டும் சத்தம். புழுக்கத்தில் எங்கிருந்தோ லேசாகக் கற்பூர வாசனை.

எரிச்சலோடு புது வரியைப் படித்தாள். பாலிசிதாரர்: அத்னான். வாரிசு: மனைவி தஸ்னீம். இறந்த நாள்: 07/08/2010. லைப்ரரி அதை இந்த வருடம் ஜூலை எட்டு என்று படித்தது. காலையில்தான் அத்னான் நாலு இட்லி தின்றுவிட்டு பைக்கில் கடலூருக்கு வேலைக்குப் போனான். சென்னை ஆபீசில் இருக்கும் சித்தார்த்தின் குசும்பு, வேறென்ன. பற்றிக்கொண்டு வந்தது. வரியை அழித்தாள். நாள் முன்னால், மாதம் பின்னால் என்று மாற்றி எழுதி ஓட்டினாள். எல்லாத் தேதியும் சரியாக வந்தது.

அழித்த வரியும் வந்தது. இறந்த நாள்: ஆகஸ்ட் ஏழு.

இன்று ஆகஸ்ட் ஏழு.

மறுபடி அழித்தாள். மறுபடி வந்தது. அத்னானுக்குப் போன் போட்டாள்.

"மச்சான், எங்க இருக்கீங்க?"

"ஆலப்பாக்கம் தாண்டிட்டேன். காத்து ஜாஸ்தி, ஒண்ணும் கேக்கல. வீட்டுக்கு வந்து பேசறேன்."

"வண்டிய ஓரங்கட்டுங்க! ஓட்டாதீங்க!"

லாரி ஹாரன். நீளமாக. நிற்கவே இல்லை.

தேதி இன்றாக இருக்கக் கூடாது. அவளுக்கு அதைத் தவிர எதுவும் தோன்றவில்லை. திருத்தியதையெல்லாம் பழையபடி ஆக்கி ஓட்டினாள்.

ஜூலை எட்டு.

ஹாரன் நின்றது. போனில் சத்தமே இல்லை. கற்பூரம் இப்போது முகத்துக்கு வெகு அருகில் மணத்தது. குனிந்து பார்த்தாள். வெள்ளைச் சேலை. வளையல் இல்லாத கை. ஜன்னலெல்லாம் போர்வை கட்டி மறைத்திருந்தது.

வாசலில் பைக் வந்து நின்றது. கதவு தட்டும் சத்தம்.

"தஸ்னீம், கதவத் தொற. வந்துட்டேன்."

ஓடியவளை அமீருன்னிசா மறித்துப் பிடித்தாள். அழுது வீங்கிய கண்கள்.

"எங்கம்மா ஓடற? புருசன் மவுத்தாயி ஒரு மாசந்தான் ஆவுது. இத்தாவுல இருக்கறவ, நாலு மாசம் பத்து நாள் ஆம்பள கண்ணுல படக் கூடாது."

"அவுங்கதான் மாமி வந்திருக்காங்க! குரல் கேக்கலயா?"

"கேக்குது." கிழவியின் விரல்கள் இறுகின. "முப்பது நாளா தட்டிக்கிட்டுத்தான் இருக்கான். தொறந்துடாதம்மா."

கதவின் அடியில் ஈரமண் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்தது. அதோடு ஒரு வெள்ளைத் துணியின் நுனி.