நீர்க்குட்டையில் நின்றவன்

படத்தில் அருந்தவன் முழந்தாளிட்டு, கையால் அள்ளாமல், முகத்தையே நீருக்குள் புதைத்துக் குடித்துக்கொண்டிருந்தான்.

வைதேகி சிரித்துவிட்டாள். புருஷனின் குறும்பு அவளுக்குப் புதிதல்ல. பகல் முழுக்கக் கொதித்த குவேக்கர்ஸ் ஹில் வீட்டின் கூரை அந்தி வெயிலில் டிக் டிக்கென்று சுருங்க, வெளியே சில்வண்டுகள் காதைத் துளைக்க, எங்கோ எரியும் புதர்க்காட்டின் புகைவாசம் ஜன்னல் இடுக்கில் கசிந்து அறையை நிறைத்துக்கொண்டிருந்தது.

இருவருக்கும் ஒரே வேலைதான். விலங்கு மருத்துவனான அவன், கடல் தாண்டி ஆப்பிரிக்காவின் ஒரு மூலையில், தெருவே போகாத சரணாலயத்தில் மரங்களில் கமரா கட்டுவான். எது அசைந்தாலும் கமரா தானாகப் படமெடுத்து சாட்டிலைட் வழியே அனுப்பும். இவள் வீட்டிலிருந்தே கழுதைப்புலி, வரிக்குதிரை என்று பிரித்துப் போடுவாள். மனிதர் விழுந்த படங்களைக் கம்ப்யூட்டரே ஒதுக்கிவிடும். காவலர்களின் வழித்தடம் கள்ள வேட்டைக்காரருக்குத் தெரிந்துவிடக் கூடாது; ஆகவே திறக்காமலே அழிக்க வேண்டும். இந்த மாதம் நிறையவே அழித்திருந்தாள். இன்றுதான், அவனைப் பார்க்கும் ஆசையில், ஒன்றைத் திறந்தாள்.

நவம்பரில் வரவேண்டிய மழை அங்கே இன்னும் வரவில்லை. ஆறு வற்றி, மிஞ்சியது இந்த ஒரே குட்டை. மிருகமெல்லாம் முட்டி மோதும் இடம். படத்தில் ஒரு மான்கூட இல்லை.

அவனுக்குப் போன் எடுத்தாள்.

"என்னப்பா, மாடு மாதிரித் தண்ணி குடிக்கிறீங்கள்?"

"எந்தத் தண்ணி?" அவன் குரல் கரகரத்தது. "கூடாரத்தை விட்டு வெளிய போகேல்லை. காய்ச்சல். சொன்னால் பயப்பிடுவீர் எண்டு சொல்லேல்லை."

காவலர்கள் மருந்துக்காக ஜீப்பில் போய்விட்டார்களாம். அவன் மட்டும் தனியே படுத்திருக்கிறானாம்.

வைதேகி போனைக் காதில் இடுக்கிக்கொண்டு, அழித்த படங்களைக் குப்பைக் கூடையிலிருந்து ஒவ்வொன்றாக மீட்டாள்.

மிகப் பழையதில் அது நாலு காலில் நின்றது. தோல் மட்டும் மனிதத் தோல். அடுத்ததில் எழுந்து நின்றது. முழங்கால் பின்பக்கமாக மடங்கியிருந்தது. பிறகு முழங்கால் சரியாகிவிட்டது. பிறகு மூக்கு வந்தது. பிறகு அருந்தவனின் தாடி.

"கூடாரத்தைப் பூட்டுங்கோ."

"பூட்டித்தான் கிடக்கு. ஏன்?"

"ஒருத்தருக்கும் திறக்காதேங்கோ. தெரிஞ்ச ஆளெண்டாலும்."

அவன் ஏதோ பகிடி விட வாயெடுத்து, நிறுத்தினான். பறவைச் சத்தமெல்லாம் நின்றுவிட்டது என்றான் மெதுவாக. வெளியே யாரோ நிற்கிறார்களாம்.

"பேசாதேங்கோ. மூச்சும் விடாதேங்கோ."

ஸிப் இழுபடும் ஓசை. நீளமாக. நிதானமாக.

பிறகு ஒன்றுமில்லை.

"என்னப்பா? கேக்குதா?"



"காய்ச்சல்." அவன் குரல்தான். அதே கரகரப்பு. "சொன்னால் பயப்பிடுவீர் எண்டு சொல்லேல்லை."

அதே வாக்கியம். அதே ஏற்றம். அதே இறக்கம்.

திரையில் புதுப் படம் வந்து விழுந்தது. கூடாரத்துக்கு எதிர் மரத்துக் கமரா. மனிதர் படங்களை ஒதுக்கும் பகுதிக்குள் போயிருந்தது. திறந்தாள்.

திறந்த வாசல். புழுதியில் குப்புற ஓர் அருந்தவன். அவன் முதுகின் மேல் குந்தியிருந்தது இன்னோர் அருந்தவன், போனைக் காதில் தலைகீழாகப் பிடித்தபடி.

"வை," என்றது போன்.

அடுத்த படம். அது கமராவை நிமிர்ந்து பார்த்தது.

"வைதே."

அடுத்த படம். போனை நேராகப் பிடித்திருந்தது. உதடு சிரிப்புக்கு விரிந்திருந்தது. அருந்தவனுக்கு இருந்த அதே கோணல் சிரிப்பு.

"வைதேகி," என்றது, ஒரு பிசிறும் இல்லாமல். "வீட்டை வாறன்."