தண்ணீர் பழகும் வரை

அன்று காலை குடத்துத் தண்ணீர் கரித்தது.

ஆறுமுகநயினார் வாயிலிருந்ததை முற்றத்தில் துப்பிவிட்டு மனைவி சந்தனமாரியைக் கூப்பிட்டார். அவள் அதே செம்பில் வாய் நிறையக் குடித்துப் பார்த்துவிட்டு, தனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்றாள். தூத்துக்குடிக் கிணறுகள் கரிப்பது ஊரறிந்த சங்கதி. ஆனால் இது தெருக்குழாயில் வரும் வல்லநாட்டு ஆற்றுத் தண்ணீர். யார் மேல் எரிந்து விழுவதென்று தெரியாமல் அவர் கப்பல் கம்பெனி ஆபீசுக்குக் கிளம்பினார்.

அதற்கு முந்தின நாள்தான் புது மீனைத் தொட்டியில் விட்டிருந்தார்.

மகள் செல்லத்தாய்க்கு ஏழு வயது. டைபாய்டில் படுத்து எழுந்ததிலிருந்து அவள் சோற்றைத் தொடுவதில்லை. முன்னறையில் கடல் தண்ணீர் நிரப்பிய கண்ணாடித் தொட்டியில் மீன் ஓடினால் மட்டும், கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நாலு வாய் வாங்குவாள். மீன் செத்தால் அன்றைக்குப் பட்டினி. யுத்தம் முடிந்த அந்த வருஷம் அவர் கொண்டுவந்த கடல் மீன்கள் எல்லாமே மறுநாள் வயிற்றைக் காட்டி மிதந்தன. எலும்பும் தோலுமாய்க் கிடந்த பிள்ளையைப் பார்க்கும்போது தொட்டியைத் தூக்கி உடைக்கலாம் போல அவருக்கு ஆத்திரம் வரும்.

கடைசியில் கொழும்புக் கப்பல் இன்ஜினியர் ஒருவர் வழி சொன்னார். புது மீனை அப்படியே தொட்டியில் கவிழ்க்கக் கூடாது. அது வந்த தண்ணீரோடு தனிப் பாத்திரத்தில் வைத்து, தொட்டித் தண்ணீரைத் தம்ளர் தம்ளராகச் சேர்க்க வேண்டும். தண்ணீர் மாறுவது மீனுக்குத் தெரியவே கூடாது.

மீனைக் கொண்டுவந்தவன் சங்கு குளிக்கும் ஜெபசீலன். கடலடியில் முத்துச்சிப்பி விளையும் பாரில், எட்டு ஆள் ஆழத்தில் பிடித்ததாம். விரல் நீளம், வெளிறிய உடம்பு.

"தானா வந்து கையில ஏறிச்சு அண்ணாச்சி. எனக்கு மனசு சரியில்ல. வேண்டாம்னா சொல்லுங்க, திரும்ப விட்டுருதேன்" என்றான்.

அவர் காதில் வாங்கவில்லை. மூன்று நாள் பொறுமையாகத் தம்ளர் தம்ளராகப் பழக்கினார். மீன் பிழைத்தது. ஆனால் பொடியாக நறுக்கிப் போட்ட இறாலை அது சீண்டவில்லை. கண்ணாடியோரம் அசையாமல் நின்று வீட்டு மனிதர்களையே பார்த்துக்கொண்டிருந்தது. செல்லத்தாய் மட்டும் வயிறாரச் சாப்பிட்டாள். அது போதும் என்றிருந்தார்.

முதலில் கரித்ததற்கு மறுநாள் குடத்துத் தண்ணீர் இன்னும் கொஞ்சம் கரித்தது. குடத்தைப் புளி போட்டுத் தேய்த்து, தானே குழாயடியில் நின்று பிடித்து வந்தார். விடிந்தால் கரித்தது. தொட்டியில் தண்ணீர் இறங்கியிருப்பது போல் பட்டது. கண்ணாடியில் கரிக்கோடு போட்டு வைத்தார். தினமும் சரியாக ஒரு தம்ளர் குறைந்தது. சந்தனமாரி தொடவில்லை என்று சத்தியம் செய்தாள். அடுப்படியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு படுத்தார். அப்போதும் கரித்தது. ரசம், காப்பி, நீராகாரம், எதில் வாய் வைத்தாலும் உப்பு. தாயும் பிள்ளையும் அதைச் செம்பு செம்பாகக் குடித்தார்கள். துவைத்த துணியிலும் சிப்பி அழுகும் வாடை அடித்தது. அவர் கத்திக் கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

மூன்றாவது வாரம் ஒரு காலையில் தண்ணீர் கரிக்கவில்லை. சனியன் விட்டது என்று நிம்மதியாக ஆபீசுக்குப் போனார்.

அங்கே தேநீர் சப்பென்று இருந்தது. பானைத் தண்ணீரும் சப்பென்று இருந்தது. உச்சிவெயில் ஏறுவதற்குள் நெஞ்சு அடைத்தது. இழுத்து இழுத்து மூச்சு விட்டும் போதவில்லை. ஏன் வாயை இப்படித் திறந்து திறந்து மூடுகிறீர் என்று பக்கத்து மேஜைக்காரர் கேட்டார்.

தண்ணீர் மாறுவது தெரியவே கூடாது.

எழுந்து ஓடினார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கத்துப் புதுக்கோட்டையில் மச்சினன் வீட்டுக்குப் போய்விட வேண்டும். அது ஒன்றுதான் நினைப்பு. வீட்டு நடையைத் தாண்டியதும் நெஞ்சடைப்பு நின்றது. மூச்சு சுகமாக வந்தது. அதுதான் அவரை நடுங்க வைத்தது.

பாயிலிருந்த செல்லத்தாயை வாரி எடுத்துத் தெருவில் இறங்கினார். வெயில். நாலு எட்டு வைப்பதற்குள் பிள்ளை விறைத்தாள். வாய் திறந்தது. மூடியது. திறந்தது. சத்தமே இல்லை. உதடு நீலம் பாரித்தது.

திரும்பி ஓடினார்.

முன்னறையில் தொட்டிக்கு எதிரே செப்பு அண்டா இருந்தது. நிறையத் தண்ணீர். பக்கத்தில் சந்தனமாரி, கையில் தம்ளர். அவள் பதறவில்லை. பிள்ளையை வாங்கி அண்டாவுக்குள் இறக்கினாள். தலையையும் அமுக்கினாள். அவர் பாய்ந்து எட்டிப் பார்த்தார். தண்ணீருக்குள் செல்லத்தாயின் கண்கள் திறந்திருந்தன. சிரித்தாள். ஒரு குமிழிகூட வரவில்லை.

"ஒரேயடியா மாத்துனா தாங்காதுல்லா" என்றாள் சந்தனமாரி. "இந்தாங்க. நீங்களும் குடிங்க."

தம்ளரை வாங்கினார். குடித்தார். கரிக்கவில்லை.

அண்டாவுக்குள் செல்லத்தாய் மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினாள். எதிரே, வந்த நாளிலிருந்து ஒன்றும் தின்னாத மீன், கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு அதைப் பார்த்தது. பிறகு திரும்பி, இறால் துண்டில் ஒரு வாய் வாங்கியது.