இரண்டு நூல் பட்டம்

ஜூலியன் அண்ணன் பையிலிருந்து எடுத்துப் போட்டது ஒரு பட்டம் என்று யாரும் நம்பவில்லை.

"இது என்னாடா, தலகாணி உறையா?" என்று கேட்டார் அம்மா.

அம்மா கேட்டதில் தப்பில்லை. அதில் ஈர்க்கு இல்லை, தாள் இல்லை, வால்கூட இல்லை. வழவழவென்று ஒரு நீலத்துணி. அதன் ஒரு பக்கம் முழுக்க வாய் திறந்த சின்னச் சின்னப் பைகள். விரித்துப் பார்த்தால் அவர்களுடைய லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை வந்தது.

ஜூலியன் நீர்கொழும்பில், கடற்கரையை ஒட்டிய ஓட்டல் ஒன்றில் வேலை செய்தான். அங்கே தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குக் கிளம்பும்போது அந்தப் பட்டத்தை அவனிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். ஆகஸ்ட் விடுமுறைக்கு அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தபோது தங்கச்சி டெல்சிக்காக அதைக் கொண்டுவந்திருந்தான்.

"இந்தப் பையிக்குள்ள காத்து பூந்து உப்பிக்கும். ரெண்டு நூலு, ரெண்டு கைப்பிடி. வலது கையி இழுத்தா வலது பக்கம் போவும். இடது கையி இழுத்தா இடது பக்கம் போவும். மாட்டு வண்டி ஓட்டுற மாதிரிதான்" என்றான்.

"நீ எப்படா மாட்டு வண்டி ஓட்டுன?" என்றார் அம்மா.

அன்று மாலையே தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கு லயத்துக்குப் பின்னாலிருந்த வாலிபால் மைதானத்தில் பட்டம் ஏறியது. செய்தி எப்படியோ பரவி, கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கிலிருந்தும் பிள்ளைகள் ஓடி வந்துவிட்டார்கள். பக்கத்துக் காம்பரா லக்ஸ்மன், "நான் மொதல்ல, நான் மொதல்ல" என்று கைப்பிடிகளைப் பறித்துக்கொண்டான்.

லக்ஸ்மன் பட்டம் விட்டான் என்று சொல்ல முடியாது. பட்டம்தான் லக்ஸ்மனை விட்டது. மைதானத்தின் நடுவிலிருந்து தேயிலைச் செடிகள் வரை அவனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனது. அவன் சிரித்துக்கொண்டே போனான். அவனுக்கு அடுத்து பெரிய பையன்கள் எல்லோரும் வரிசையாக வந்தார்கள். டெல்சியின் முறை வருவதற்குள் பனிமூட்டம் இறங்கிவிட்டது.

"நாளைக்கு நீதான் மொதல்" என்றான் ஜூலியன்.

மறுநாள் அந்த முதல் முறை வரவேயில்லை. காரணம் ஒரு பால்மா டின்.

அந்தத் தோட்டத்தில் பட்டம் விடுகிறவர்கள் எல்லோரும் நூலைப் பால்மா டின்னில்தான் சுற்றுவார்கள். டின்னை உருட்டி உருட்டிச் சுற்றுவது வேகமான வேலை. இரண்டு நூல்களையும் சேர்த்து லக்ஸ்மன் அப்படித்தான் சுற்றி வைத்திருந்தான். மறுநாள் டின்னைத் தரையில் வைத்து, நூலைச் சரசரவென்று உருவினான். வந்தது நூல் இல்லை, இடியப்பம்.

சிக்கலைக் கண்டதும் லக்ஸ்மன் வீட்டுக்கு ஓடினான். அவனுடைய அப்பா கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடி கன்னாபின்னாவென்று வளர்ந்தால் கவ்வாத்துக் கத்தியால் ஒரே வெட்டு. கொஞ்ச நாளில் புதுத்தளிர் வந்துவிடும். அதைப் பார்த்தே வளர்ந்த லக்ஸ்மனும் பழைய கத்தி ஒன்றைக் கொண்டுவந்து, சிக்கிய இடத்தையெல்லாம் வெட்டி எறிந்து, மிச்சத்தை முடிச்சுப் போட்டுவிட்டான்.

"ஏய் வெட்டாத!" என்று டெல்சி கத்திக்கொண்டு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"வெட்டுனாத்தானே சரியாகும்?"

"கவ்வாத்து வெட்டுனா தளிர் வரும். நூலு வருமா?"

பட்டத்தை ஏற்றிப் பார்த்தார்கள். இப்போது ஒரு நூல் குட்டை, ஒரு நூல் நீளம். பட்டம் ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி, நூல்களை மறுபடி சிக்கலாக்கி, கடைசியில் தலைகுப்புறத் தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தது.

ஜூலியனுக்குக் கோபம் வந்துவிட்டது. சேறு வடியும் பட்டத்தைத் தூக்கிக்கொண்டான்.

"திங்கக்கெழம நான் கெளம்புறேன். இதயும் கொண்டு போயிர்றேன். அங்க பீச்சில ஒரு பையன் தெனம் கேட்டுக்கிட்டுத் திரியிறான். அவன்கிட்ட குடுத்தா பத்திரமா வச்சிருப்பான்."

டெல்சியின் பட்டம்தான் அது. ஆனால் இன்னும் ஒரு தடவைகூட அவள் அந்தக் கைப்பிடியைப் பிடிக்கவில்லை! அழுகை வரும்போல் இருந்தது. அழுதால் அண்ணன் மனம் மாறலாம். ஆனால் நூல் நேராகாதே.

"அண்ணே, ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் கிரவுண்டுக்கு வாங்க. நூலு நேரா இருந்தா பட்டம் எங்கிட்ட இருக்கட்டும். சிக்கியிருந்தா நீங்க கொண்டு போங்க. நான் ஒன்னும் சொல்ல மாட்டேன்."

ஜூலியன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பிறகு, "சரி" என்றான்.

வெள்ளிக்கிழமை காலையில் டெல்சி சிக்கலை மடியில் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்தாள். அவளுடைய தோழி நிரூபாவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நிரூபாவின் அப்பா குகநேசன், தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த வாத்தியார்.

"இதுக்கு விண் இல்லையோ? எங்கட ஊரில பட்டத்துக்கு மேல விண் கட்டுவினம். ஏறினா ஊங்கெண்டு கூவும்" என்றாள் நிரூபா.

"மொதல்ல ஏறட்டும். பொறவு நானே கூவுறேன்" என்றாள் டெல்சி.

அவள் ஒரு நுனியையும் இழுக்கவில்லை. இழுத்தால் முடிச்சு இறுகும் என்பது ஒரு தடவை இழுத்துப் பார்த்ததிலேயே தெரிந்துவிட்டது. சிக்கலை விரலால் மெல்ல மெல்லத் தளர்த்தினாள். உள்ளே காற்றுப் போகிற அளவுக்கு அது பெரிதாகிப் பஞ்சுபோல் ஆனபோது, நூல் தானாகவே வழி காட்டியது. லக்ஸ்மன் தூரத்தில் நின்று பார்த்தான். கிட்ட வந்தான். மறுபடி தூரப் போனான்.

சாயந்தரம் இரண்டு நூல்களும் தனித்தனியாக வந்துவிட்டன. லயத்து வாசலில் ஒரு ஆணி அடித்து, அதில் இரண்டு நுனியையும் கட்டி, வாசல் நெடுக இழுத்துப் பிடித்தார்கள். ஒரு நூல் மற்றதைவிட ஒரு முழம் நீளமாக இருந்தது.

டெல்சி திரும்பிப் பார்த்தாள். "லக்ஸ்மன், கத்தி இருக்கா?"

"எதுக்கு?" என்றான் அவன், சந்தேகமாக.

"இந்த எடத்தில மட்டும் வெட்டு. வேற எங்கயும் கைய வைக்காத."

லக்ஸ்மன் முகம் பூரித்துப் போனது. அவ்வளவு கவனமாக அவன் எதையும் வெட்டியதே இல்லை.

சனிக்கிழமை காலையில் நூலை வரிசை பிசகாமல், அழகாக, டின்னில் சுற்றினார்கள். சோதித்துப் பார்ப்பதற்காக மறுபடி உருவினார்கள். சிக்கல் விழவில்லை. ஆனால் இரண்டு நூல்களும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்து முறுக்கிக்கொண்டு வந்தன.

"வடிவாத்தானே சுத்தினனாங்கள்?" என்றாள் நிரூபா. "பிறகேன் இப்பிடி?"

டெல்சிக்கும் விளங்கவில்லை. அழகாகச் சுற்றினாலும் இப்படி, அலங்கோலமாகச் சுற்றினாலும் இப்படி என்றால் என்னதான் செய்வது? மத்தியானச் சோறு அவளுக்கு இறங்கவில்லை.

அம்மா ஞாயிறு பூசைக்காக டெல்சியின் தலை ரிப்பனைத் துவைத்துக் காயப்போட்டிருந்தார். காய்ந்ததை எடுத்து, கசங்காமலிருக்க ஒரு தம்ளரில் சுற்றி வைக்கச் சொன்னார். டெல்சி தம்ளரை உருட்டி உருட்டி ரிப்பனைச் சுற்றினாள். பிறகு ஏதோ யோசனையில் தம்ளரின் வாய்ப்பக்கமாக ரிப்பனை உருவினாள்.

ரிப்பன் முறுக்கிக்கொண்டு வந்தது.

டெல்சி நிமிர்ந்து உட்கார்ந்தாள். மறுபடி சுற்றினாள், மறுபடி உருவினாள். ஒரு சுற்று கழன்றால் ஒரு முறுக்கு. இரண்டு சுற்று கழன்றால் இரண்டு முறுக்கு. நூல் மெல்லியது, அதில் முறுக்கு கண்ணுக்குத் தெரியாது. ரிப்பன் பட்டையானது, எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிட்டது.

"நிரூபா! ஓடியா!"

நிரூபா வந்து பார்த்தாள். "அப்ப கழட்டேக்கையும் டின்னை உருட்டிக் கழட்டினாச் சரிதானே?"

"காத்து அடிக்கிறப்ப கையி ஆடும். ஒரு சுத்து நழுவுனாலும் போச்சு."

டெல்சி ரிப்பனைப் பெருவிரலிலும் சுண்டு விரலிலும் மாட்டி விதவிதமாகச் சுற்றிப் பார்த்தாள். சும்மா வட்டமாகச் சுற்றினால் முறுக்கு வந்தது. நடுவில் குறுக்காகப் போட்டு எட்டு இலக்கம்போலச் சுற்றினால்? உருவினாள். ரிப்பன் தட்டையாக, இஸ்திரி போட்டதுபோல் வந்தது. எட்டின் ஒரு பாதி ஒரு பக்கம் முறுக்கினால், மறுபாதி எதிர்ப்பக்கம் முறுக்கி அதைச் சரிக்கட்டிவிடுகிறது!

"லக்ஸ்மன்! கத்திய எடு!"

லக்ஸ்மன் இதற்காகவே காத்திருந்தவன்போல் வந்தான். பழைய தேயிலைப் பெட்டிப் பலகைத் துண்டு ஒன்றில், இரண்டு முனையிலும் மாட்டுக்கொம்புபோலச் செதுக்கிக் கொடுத்தான். முதலில் கைப்பிடிகளை அதில் வைத்துக் கட்டினார்கள். பிறகு இரண்டு நூல்களையும் சேர்த்து, கொம்புக்குக் கொம்பு, எட்டு எட்டாகப் போட்டார்கள். பட்டத்தின் பக்கத்து நுனி கடைசியாக வந்தது. அவிழாமலிருக்க சைக்கிள் டியூப்பில் வெட்டிய வளையத்தை அதன்மேல் மாட்டினார்கள்.

"அண்ணன்கிட்ட இப்ப சொல்லாதீங்க" என்றாள் டெல்சி.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மைதானம் நிறைந்துவிட்டது. நல்ல காற்று. ஆனால் கீழே பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறி வந்துகொண்டிருந்தது. கொழுந்து நிறுக்கும் மடுவம் ஏற்கெனவே மறைந்துவிட்டது.

நிரூபா பட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டெல்சி பலகையோடு பின்னால் நடந்தாள். ஒவ்வொரு எட்டாகக் கழற்றினாள்.

"சீக்கிரம் டெல்சி! மூட்டம் வருது!"

"உருவி எறி! உருவு!"

பெரிய பையன்கள் கத்தினார்கள். ஜூலியனுக்கும் பொறுக்கவில்லை. "குடு இங்க, நான் உதறி விடுறேன்" என்று கையை நீட்டினான்.

டெல்சி பலகையை இறுகப் பிடித்துக்கொண்டாள். கொடுத்துவிட்டால் வேகமாக முடியும், எல்லாமே முடிந்துவிடும்.

"வேணாண்ணே. விடுங்க."

"மூட்டம் வந்துட்டா பொறவு..."

"வரட்டும். நான்தான் கழட்டுவேன்."

ஜூலியன் கையை இழுத்துக்கொண்டான். டெல்சி நடந்தாள். ஒரு எட்டு. இன்னொரு எட்டு. மூட்டம் மைதானத்தின் ஓரத்துக்கு வந்துவிட்டது. கடைசி எட்டும் கழன்று, கைப்பிடிகள் கையில் வந்தன.

அவளுக்கும் பட்டத்துக்கும் நடுவே இரண்டு நூல்கள். ஒன்றையொன்று தொடாமல், தண்டவாளம்போல் கிடந்தன.

"விடு நிரூபா!"

பட்டம் 'பக்'கென்று உப்பி, எழுந்தது. டெல்சியின் தோள் இரண்டும் முன்னால் போயின. குதிங்காலை ஊன்றிக்கொண்டாள். வலது கையை இழுத்தாள், வலது பக்கம் திரும்பியது. இடது கையை இழுத்தாள், இடது பக்கம் பாய்ந்தது. அந்தப் பெரிய நீலப் பட்டம் அவள் சொன்ன பேச்சைக் கேட்டது. அவளுக்குச் சிரிப்பாக வந்தது. வாய்விட்டு, "ஊங்ங்" என்று கூவினாள். நிரூபாவும் கூவினாள்.

பனிமூட்டம் வந்து பட்டத்தை மூடியது. பட்டம் தெரியவில்லை. இரண்டு நூல்கள் மட்டும் வெள்ளைக்குள் ஏறிப் போயிருந்தன. ஆனாலும் அது எந்தப் பக்கம் நிற்கிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அவள் கைகளுக்குத் தெரிந்தது.

பிறகு மழை விழுந்தது. பட்டத்தை இறக்கியதும் எல்லோரும் லயத்துக்கு ஓடினார்கள். டெல்சி ஓடவில்லை. ஈரப்புல்லில் மண்டிபோட்டு, பலகையை எடுத்து, எட்டுப் போட ஆரம்பித்தாள்.

"நனையாத புள்ள! சுருட்டிக்கிட்டு வா, வீட்டில போயிப் பாத்துக்கலாம்" என்றான் ஜூலியன்.

"நீங்க போங்கண்ணே. நான் சுத்திட்டு வாறேன்."

ஜூலியன் போகவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். பிறகு மழையிலேயே நடந்துபோய், நூலின் மறுநுனியைத் தூக்கி, தரையில் உரசாமல் பிடித்துக்கொண்டான். கடைசி எட்டும் விழுந்தது.

"அந்த பீச்சுப் பையனுக்கு வேற ஏதாச்சும் வாங்கிக் குடுக்குறேன்" என்றான் ஜூலியன்.

ஈர நூலை அப்படியே வைத்தால் கெட்டுப்போகுமே என்று டெல்சி அதைக் காம்பராவுக்குள் காயப்போட்டாள். இந்தச் சுவர் ஆணியிலிருந்து அந்தச் சுவர் ஆணிக்கு, அங்கிருந்து கதவுக்கு, கதவிலிருந்து அடுப்படிக்கு. அம்மா ரொட்டி சுடுவதற்குக் குனிந்து குனிந்து போனார். "இந்த வூட்டில மனுசங்க இருக்கோம், ஞாபகம் இருக்கட்டும்" என்று முணுமுணுத்தார். ஆனால் எதையும் கழற்றவில்லை.

திங்கட்கிழமை விடியற்காலையில் ஜூலியன் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினான். கதவுக்கும் அவனுக்கும் நடுவே நூல் குறுக்கும் நெடுக்குமாக ஓடியது. தங்கச்சி தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் புதுச் சட்டையோடு தரையில் மண்டிபோட்டான். பையை முன்னால் தள்ளித் தள்ளி, ஊர்ந்து ஊர்ந்து வாசலுக்குப் போய்ச் சேர்ந்தான். ஒரு நூல்கூட அசையவில்லை.