குரல் நீக்கிய பாட்டு

காலை எட்டு மணிக்கு அமலோற்பவம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு பாட்டிலிருந்து குரலைப் பிரித்தெடுக்கத் தொடங்குவாள். தூத்துக்குடி அரசு ஒலித் திருத்தகத்தில் நாலு வருடமாக இதுதான் அவள் வேலை. குரலுரிப்பான் என்ற கருவி பாடகியின் குரலைத் துணியிலிருந்து நூல் உருவுவதுபோல் உருவிவிடும். டிரம்மும் பேஸ் கிட்டாரும் மட்டும் மிஞ்சும்.

பாடகியின் பெயர் வேதவல்லி. துறைமுக வேலைநிறுத்தத்தின்போது ஊரே அவள் பாட்டைப் பாடியது. மறுவருடம், 2091இல், குரல் தடைச் சட்டம் வந்தது. அவள் குரலைக் கேட்பது குற்றம். அவள் வரிகளைப் பாடுவதும் குற்றம்.

ஒருநாள் தேநீர் குடிக்கும்போது மேலதிகாரி கோமதிநாயகம் கேட்டார். “பாட்டையே அழிச்சிட்டா என்னம்மா? குரல் இல்லாத பாட்டை யாரு கேப்பா?”

பழைய ஒலிப்பதிவுகளின் கதை என்றால் அமலோற்பவத்துக்கு உயிர். “கேப்பாங்க சார். நூத்தி இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி ஜமைக்காவுல ஒரு இசைத்தட்டு வெட்டும்போது குரலைச் சேர்க்க மறந்துட்டாங்களாம். அதை நடனத்துல போட்டா, கூட்டமே சேர்ந்து பாடுச்சாம். அப்புறம் கிங் டப்பின்னு ஒருத்தர். ரேடியோ ரிப்பேர் பாத்தவர். குரலை எடுப்பார், விடுவார், எதிரொலியில கரைப்பார். டப் இசை அப்படித்தான் வளர்ந்துச்சு.”

“குரலை எடுத்துட்டா ஜனங்க தானா பாடுவாங்களா?”

“வாய் சும்மா இருக்காது சார்.”

அவர் பாதித் தேநீரை வைத்துவிட்டு எழுந்து போனார்.

அடுத்த மாதம் பேருந்து நிலையத்திலும் மீன் ஏலக்கூடத்திலும் குரல் நீக்கிய பாட்டுகள் ஒலித்தன. பாட்டு அழியாமல் பிழைத்ததே என்று அமலோற்பவத்துக்குச் சந்தோஷம்கூட வந்தது. ஞாயிற்றுக்கிழமை தம்பி சூசையோடு பேருந்துக்கு நின்றாள். பல்லவி வரவேண்டிய இடத்தில் டிரம் மட்டும் அடித்தது. பக்கத்தில் நின்ற பெரியவரின் உதடு அசைந்தது. விளக்குக் கம்பத்தில், பாடும் வாயைக் கண்டுபிடிக்கும் உதட்டுணரியின் சிவப்புப் புள்ளி மினுங்கியது. பாட்டு முடியுமுன் இரண்டு சீருடைக்காரர்கள் அவரைத் தோளைப் பிடித்து வேனில் ஏற்றினார்கள்.

மறுபடி பல்லவி வந்தது. சூசை தன்னையறியாமல் காலால் தாளம் போட்டான். வாய் திறந்தது. அவள் பாய்ந்து அதைப் பொத்தினாள்.

“என்னக்கா?”

“பேசாதே. கொட்டாவி விடுறமாதிரி குனி.”

திங்கட்கிழமை கோமதிநாயகம் சிரித்தபடி வந்தார். “உங்க யோசனைக்கு மேலிடத்துல பாராட்டு. இதுவரைக்கும் நாப்பத்திரண்டு பேர் சிக்கியிருக்காங்க. எல்லா இடத்துக்கும் புதுப் பிரதி கேக்கிறாங்க. வேதவல்லி பாடின தாலாட்டையும் சேத்துக்கோங்க. அம்மாமாரு வாயை அடக்கமாட்டாங்க.”

அன்று முழுக்க அவள் புதுப் பிரதி எடுத்தாள். குரலை உருவினாள். பிறகு, யாரும் சொல்லாத ஒன்றைச் செய்தாள். டிரம்மின் ஒவ்வொரு அடியையும் மயிரிழை அளவு நகர்த்தினாள், ஓரிடத்தில் முன்னே, ஓரிடத்தில் பின்னே. யாராலும் சேர்ந்து பாட முடியாதபடி, எல்லாப் பாட்டிலும்.

கோமதிநாயகம் கண்ணை மூடிக் கேட்டார். “எங்கேயோ இடறுதே?”

“பழைய பதிவு சார்.”

அவர் இன்னொரு முறை கேட்டார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

அதன்பிறகு பேருந்து நிலையத்தில் யாரும் பிடிபடவில்லை. ஜனங்கள் வாய் திறப்பார்கள், தாளம் இடறும், மூடிக்கொள்வார்கள். சில மாதங்களில் வாய் திறப்பதும் நின்றுபோனது.

ஒருநாள் சாப்பிடும்போது சூசை நெற்றியைச் சுருக்கினான். “அக்கா, அந்தத் துறைமுகப் பாட்டு எப்படி ஆரம்பிக்கும்? எவ்வளவோ யோசிக்கிறேன், வரமாட்டேங்குது.”

அவளுக்கு ஒவ்வொரு எழுத்தும் தெரியும்.

“ஞாபகம் இல்லடா” என்றாள்.