இடது மூலையில் ஒரு துடைப்பம்

“வெட்ட மாட்டேன்!”

சொன்ன பிறகுதான் தான் எழுந்து நின்றுவிட்டது சுனிதாவுக்கே தெரிந்தது.

ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தின் சின்ன ஹால். படம் எடுப்பதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கும் இருபது பேர், மாதத்தின் இரண்டாவது ஞாயிறு காலையில் அங்கே கூடுவார்கள். ஒவ்வொருவர் படமும் பெயர் இல்லாமல் திரையில் வரும். மற்றவர்கள் ஆளுக்கொரு சீட்டில் இரண்டே வரி எழுத வேண்டும். கண் முதலில் எங்கே போனது? எதை மாற்றலாம்? சீட்டிலும் பெயர் கிடையாது. சங்கத்தை நடத்தும் கோதண்டராமன் சார் எல்லாச் சீட்டையும் வாசித்து முடிக்கும்வரை, படம் எடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது. அதுதான் சட்டம்.

பத்து வருடமாக யாரும் மீறாத சட்டம். சேர்ந்த இரண்டாவது மாதமே சுனிதா அதை உடைத்துவிட்டாள்.

திரையில் அவள் படம்... ஒரு தெரு முழுக்க ரோஸ் நிறப் பூக்கள் உதிர்ந்து கிடக்கின்றன. மரங்களுக்கு நடுவே பிப்ரவரி மாதத்து இளவெயில் சாய்வாக இறங்குகிறது. இடது மூலையில் ஒரு நீளத் துடைப்பத்தின் நுனி. அவ்வளவுதான். ஆனால் கோதண்டராமன் சார் வாசித்த சீட்டில் சிவப்பு மையில் இப்படி எழுதியிருந்தது: ‘கண் முதலில் போன இடம்: துடைப்பம். மாற்றலாம்: அதை வெட்டிவிடுங்கள். இவ்வளவு அழகான தெருவில் உறுத்துகிறது.’

“ஏம்மா, நம்ம ரூல்ஸ்...” என்றார் கோதண்டராமன் சார் மெதுவாக.

“தெரியும் சார். ஆனா அது எங்கம்மாவோட தொடப்பம். அந்த ரோட்ட தினம் பெருக்கறது அவங்க. ரோடு அழகா இருக்குன்னா அதுக்கு அவங்கதான் காரணம். தொடப்பம் உறுத்துதுன்னா ரோட்டையும் பார்க்காதீங்க!”

மூன்றாவது வரிசையில் ஒருவன், தன் சிவப்புப் பேனாவை மெல்லச் சட்டைப் பைக்குள் செருகினான். அந்த அசட்டுத்தனத்திலேயே மாட்டிக்கொண்டான்! சுனிதா பார்த்துவிட்டாள். அவனும் நிமிர்ந்து பார்த்தான். பெரிய கண்கள் அவளுக்கு... கோபத்தில் இன்னும் பெரிதாகி, ஓரத்தில் ஈரம் கட்டி, ஆனால் ஒரு சொட்டைக்கூடக் கீழே விழ அனுமதிக்காத கண்கள். எழுதிக் கொடுத்த சீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது.

அவன் பெயர் எரிக். அதே ரிச்சர்ட்ஸ் டவுன்காரன், பிசிக்ஸ் வாத்தியார். விடைத்தாள் திருத்தும் பேனா ஞாயிற்றுக்கிழமை கூட அவன் பையை விட்டு இறங்காது. சங்கத்திலேயே கறாரான சீட்டு அவனுடையது. கடுமையாக எழுதுவான், ஆனால் பொய் எழுத மாட்டான் என்று பெயர்.

அந்தப் பெயரைத்தான் அவன் அடுத்த இரண்டு மாதத்தில் கெடுத்துக்கொண்டான்.

மார்ச் மாதம் சுனிதா கொடுத்தது ஒரு பஸ் ஸ்டாப் படம். ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷன் வேலை முடிந்து மர்பி டவுனில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும் அவசரத்தில் எடுத்தது. கை ஆடி மங்கிப் போயிருந்தது அவளுக்கே தெரியும். சீட்டுகளோ, ‘அருமை’, ‘சூப்பர்’, ‘மனதைத் தொட்டது’ என்றன. பெயர் போடாவிட்டால் என்ன, மர்பி டவுன் பஸ் ஸ்டாப்பை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். சிவப்பு மைச் சீட்டிலும் ‘அருமை’! ஏப்ரலில் அவள் வீட்டு ஜன்னல் கம்பியில் ஒரு காக்கை. தலை பாதி வெட்டுப்பட்டிருந்தது. சிவப்பு மை, ‘மிக அருமை’ என்றது.

அன்றைக்கே கோதண்டராமன் சார் ஜூன் மாதக் கண்காட்சியை அறிவித்தார். ஒரு ஆளுக்கு ஒரு படம். அடுத்த மாதம் கை தூக்கி ஓட்டு; பாதிக்கு மேல் விழுந்தால் சுவரில் இடம்.

“நம்ம சுனிதாவோட தொடப்பம் படத்துக்கு மட்டும் ஓட்டே வேணாம். நேரா மாட்டிடலாம்!” என்றார் அவர். எல்லோரும் கை தட்டினார்கள்.

சுனிதாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சுவரில் இடம் வேண்டும் என்று அவளுக்கும் ஆசைதான். கொள்ளை ஆசை! ஆனால் படத்துக்காகக் கிடைக்க வேண்டும். பாவம் பார்த்துக் கொடுக்கும் இடம் யாருக்கு வேண்டும்?

வெளியே வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஏப்ரல் மழைக்கு நேரம் காலம் ஏது... மண் வாசனையைக் கிளப்பிவிட்டுச் சடசடவென்று கொட்டியது. போர்ட்டிகோவில் ஸ்கூட்டர் சாவியை உருட்டிக்கொண்டு எரிக் நின்றிருந்தான்.

“வாத்தியாரே!”

“என்னையா?”

“சிவப்பு இங்க் வேற யார் வச்சிருக்காங்க? என் காக்காக்குத் தலை எங்க?”

“பாதி... இருக்குதே.”

“பாதித் தலை இருந்தா மிக அருமையா? உங்க ஸ்கூல் பசங்களுக்கும் இப்படித்தான் மார்க் போடுவீங்களா?”

“இல்லீங்க... அவங்கள்ல யாரும் என்னை இப்படி முறைச்சதில்ல.”

சிரிப்பு வந்தது அவளுக்கு. கஷ்டப்பட்டு விழுங்கினாள். “பேச்ச மாத்தாதீங்க. மத்தவங்க எல்லாம் பாவம் பார்த்து எழுதறாங்க. நீங்க ஒருத்தராவது நிஜம் எழுதுவீங்கன்னு நெனச்சேன். எனக்கு மட்டும் ஏன் பொய்?”

எரிக் மழையைப் பார்த்தபடி சொன்னான். “அந்தத் தொடப்பம் படத்துல இருக்கறது எங்க வீட்டு ரோடுங்க. ஆறு வருஷமா தினம் காலைல அந்த வழியாத்தான் ஸ்கூலுக்குப் போறேன். அன்னிக்கு நீங்க சத்தம் போட்டதும் உங்கம்மா முகத்த ஞாபகப்படுத்திப் பார்த்தேன்... வரவே இல்ல. தினம் பார்க்கற ஆளு! வெக்கமாப் போச்சு. உங்க படத்துல குறை சொல்ல எனக்கு என்ன யோக்யதை இருக்குன்னு...”

“உங்க வெக்கத்துக்கு என் படந்தான் கிடைச்சுதா? நிஜத்த சொல்லுங்க. அந்தத் தொடப்பம் படம் சுவத்துல மாட்டற அளவுக்கு இருக்கா, இல்லியா?”

“சொன்னா அடிக்க மாட்டீங்களே?”

“சொல்லலன்னாதான் அடிப்பேன்.”

அவன் திரும்பி அவள் கண்களை நேராகப் பார்த்தான். “தொடப்பத்த வெட்டச் சொன்னது என் தப்பு. அது இருக்கணும். ஆனா அதைப் பிடிச்சிருந்த கை எங்க? உங்கம்மா அங்கதான நின்னுட்டு இருந்திருப்பாங்க? நான் ஓரத்தத்தான் வெட்டச் சொன்னேன்... நீங்க ஆளையே வெட்டிட்டீங்க.”

சுனிதா விடுவிடுவென்று மழையில் இறங்கினாள்.

“ஏங்க, குடை...”

“வேணாம்!”

என்ன திமிர் இவனுக்கு! எங்கம்மாவை நான் வெட்டினேனாம்! வீடு வரைக்கும் திட்டிக்கொண்டே போனாள். இரண்டு நாள் திட்டினாள். மூன்றாம் நாள் திட்டுவதற்கு எதுவும் மிஞ்சவில்லை, ஏனென்றால் அவன் சொன்னது நிஜம். படம் எடுத்த அன்று காலை அம்மா துடைப்பத்தின் மேல் சாய்ந்து சிரித்துக்கொண்டுதான் நின்றாள். சங்கத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த சுனிதா, அவர்கள் என்ன நினைப்பார்களோ என்று கேமராவைக் கொஞ்சமே கொஞ்சம் வலது பக்கம் திருப்பினாள். ஊரெல்லாம் கேட்கிற மாதிரி சண்டை போட்டாளே, அந்த அம்மாவை முதலில் ஒளித்துவைத்தது அவளேதான்.

அந்த மூன்றாம் நாள் சாயங்காலமே படத்தை அம்மாவிடம் நீட்டினாள். அம்மா சரசு போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

“என்னாடி இது, பூ அப்படியே கிடக்குது? பெருக்கறதுக்கு முன்னாடியே எடுத்திருக்கியே. மேஸ்திரி பார்த்தா என்னைத்தான் கேப்பாரு.” பிறகு விரலால் மூலையைத் தொட்டாள். “தொடப்பம் நல்லா விழுந்திருக்குது. நான் எங்க?”

சும்மாதான் கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

“நாளைக்கு எடுக்கறேம்மா...”

“போஸெல்லாம் குடுக்க முடியாது. வேலை இருக்குது எனக்கு.”

போஸ் கொடுக்கவில்லை. தெருவில் குல்மொஹர் பூக்கள் சிவப்பாகக் கொட்டிக் கிடந்த காலை. பச்சை யூனிஃபார்ம் கோட்டும் நீளத் துடைப்பமுமாக நடுத்தெருவில் நின்று, தாடையை நிமிர்த்தி, ‘சீக்கிரம் எடுத்துத் தொலை’ என்று சரசு நேராக முறைத்தாள். சுனிதா தெருவிலேயே மண்டியிட்டு எடுத்தாள். இந்த முறை கை ஆடவில்லை.

மே மாதக் கூட்டம். படங்கள் தொடங்கும் முன்பே சுனிதா எழுந்தாள்.

“சார், தொடப்பம் படத்த திரும்ப வாங்கிக்கறேன். வேற ஒண்ணு குடுத்திருக்கேன். எல்லாரோடதையும் மாதிரி அதுக்கும் ஓட்டு போடுங்க. தோத்தா தோக்கட்டும்.”

அம்மா திரைக்கு வந்தாள். ‘கொஞ்சம் சிரித்திருக்கலாம்’ என்றது ஒரு சீட்டு. ‘முறைப்பது பயமாக இருக்கிறது’ என்றது இன்னொன்று. சுனிதா இந்த முறை வாயைத் திறக்கவில்லை. அவளுக்காகப் பேசத்தான் திரையில் அம்மா நிற்கிறாளே! சிவப்பு மைச் சீட்டு கடைசியில் வந்தது.

“கண் முதலில் போன இடம்: அந்த அம்மாவின் கண்கள். மாற்றலாம்: மேலே வானம் அதிகம், குறைக்கலாம். கீழே துடைப்பத்தின் நுனி வெட்டுப்பட்டிருக்கிறது. அதை வெட்டியிருக்கக் கூடாது...” கோதண்டராமன் சார் கண்ணாடியை இறக்கினார். “யாருப்பா இது, பேரு போட்டிருக்கறது? எரிக்! உனக்குமா ரூல்ஸ் தெரியாது?”

“தெரியும் சார்” என்று எழுந்தான் எரிக். “இதைப் பேரு போட்டுத்தான் சொல்லணும்னு தோணிச்சு.”

சுனிதா திரையைப் பார்த்தாள். ஆமாம், துடைப்பத்தின் நுனி வெட்டுப்பட்டுத்தான் இருந்தது. பாவி, கண்டுபிடித்துவிட்டானே... அவளுக்கு ஏனோ அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஓட்டுக்குப் பத்தொன்பது பேரில் பதினொரு கை எழுந்தது. இரண்டு கை குறைந்திருந்தால் சுவரில் இடம் இல்லை. அந்தப் பதினொன்றும் நிஜமான கைகள்.

ஜூன் மாதக் கண்காட்சிக்குச் சரசு வேலை முடிந்த கையோடு, பச்சைக் கோட்டோடு வந்தாள். தன் படத்தின் முன்னால் அதே முறைப்போடு நின்றாள். அப்புறம் பக்கத்தில் நின்றவனைப் பார்த்தாள்.

“அட, இந்தத் தம்பியா! சுனி, நாலு மாசமா இவரு தினம் காலைல ஸ்கூட்டர நிறுத்தி, ‘வணக்கம்மா, நல்லா இருக்கீங்களா’ன்னு கேட்டுட்டுத்தான் போறாரு. எலெக்‌ஷன்ல நிக்கப் போறாரோன்னு நெனச்சேன்!”

சுனிதா திரும்பினாள். எரிக்கின் காது நுனிவரை சிவந்திருந்தது. நாலு மாசம்! ஒரு வார்த்தை சொல்லவில்லையே இந்த ஆள்...

வெளியே மீண்டும் மழை. அதே போர்ட்டிகோ. இந்த முறை அவள் நேராக அவன் முன்னால் போய் நின்றாள்.

“எரிக்.”

பெயர் சொல்லி அவள் கூப்பிட்டது அதுதான் முதல் முறை. சாவி அவன் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

“எனக்கு உங்கள பிடிச்சிருக்கு. மர்பி டவுனு, ரிச்சர்ட்ஸ் டவுனு, உங்க சர்ச்சு, உங்க வீட்ல என்ன சொல்லுவாங்க, எங்க தெருவுல என்ன பேசுவாங்க... எல்லாம் யோசிச்சாச்சு. எங்கம்மா, அவங்க தொடப்பம், எல்லாம் சேர்த்துத்தான் நான். எதையும் ஓரத்துல வெட்டிட்டுச் சொல்லல. இப்போ குறை சொல்லுங்க பார்க்கலாம்!”

எரிக் குனிந்து சாவியை எடுத்தான்.

“ஒரே ஒரு குறை இருக்கு” என்றான்.

“என்ன?”

“இதை நான் முதல்ல சொல்லியிருக்கணும். பிப்ரவரியிலயே.”

“அது உங்க குறை... என்னுது இல்ல!”

“ஆமாங்க. இதோ, திருத்திக்கறேன்.” சங்கத்துக்கே சிவப்பு மை போட்ட வாத்தியாரின் குரல் நடுங்கியது. “எனக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு, சுனிதா.”

எப்போதும் ஒரு சொட்டைக்கூடக் கீழே விழவிடாத கண்கள் அவளுக்கு. இன்று அவள் தடுக்கவில்லை.